ஆனை கட்டின மைதானம்

வைகாசி 5

இன்று எதிர் மைதானத்தில் ஆனை கட்டினார்கள்.

ஆனை என்று பெயர் வைத்தது நான்தான். காலையில் லாரிகள் வந்தன. அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் புல்லின்மேல் வெள்ளி நிறத் துணி ஒன்றை விரித்தார்கள். கல்யாணப் பந்தலுக்கே போதும், அவ்வளவு பெரிய துணி. நீளநீளமான இரும்பு உருளைகளிலிருந்து அதற்குள் வாயுவை ஏற்றினார்கள். முதலில் முதுகு எழுந்தது, பிறகு வயிறு, கடைசியில் வால் பக்கம் காது மாதிரி மூன்று. அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டியோடு வாசலுக்கு வந்து, "யாத்தி, ஆனைல்ல கட்டுறான்" என்றேன். பந்தியில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் நான் நடத்துகிற மெஸ்ஸில் எல்லார் வாயிலும் அது ஆனைதான்.

சவுந்தரபாண்டித் தம்பி விளக்கிச் சொன்னான். துறைமுகத்தில் கணக்கெழுதுகிற பிள்ளை அவன். சாயங்காலமானால் தகரத் தொப்பி மாட்டிக்கொண்டு ஏ.ஆர்.பி. என்கிற குண்டுவீச்சுக் காவல் வேலைக்குப் போய்விடுவான். அந்த ஆனை ஒரு பலூனாம், சண்டை போடாதாம். சுடாது, விரட்டாது. இரும்புக் கயிற்றில் உயரத்தில் சும்மா நிற்கும். ஜப்பான்காரன் விமானம் தாழப் பறந்து வந்தால் கயிறு அதன் இறக்கையை அறுத்துவிடும். அதற்குப் பயந்து அவன் உயரத்திலேயே போவான், உயரத்திலிருந்து போடுகிற குண்டு குறி தப்பும். அப்படியானால் வேலை செய்வது கயிறுதான், ஆனை வெறும் ஆடம்பரம் என்றேன். தம்பி யோசித்துவிட்டு ஆமாம் என்றான்.

இந்த டைரியும் அவன் கொடுத்ததுதான். போன வருஷத்து டைரி. தேதிகளை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன். அருப்புக்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்த சீனியம்மாளுக்கு டைரி ஒரு கேடா என்று யாரும் கேட்கப் போவதில்லை, யாரும் படிக்கப் போவதுமில்லை.

முன்பு கல்கத்தாக் கப்பல்துறைப் பக்கம் கிதர்பூரில் இருந்தோம். மாசியில் பட்டாளத்துக்கு வேண்டுமென்று தெருவையே காலி செய்யச் சொன்னார்கள். அண்டா குண்டானோடு இந்தப் பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். இந்தப் பேட்டையின் பெயரை நான் சொல்வதில்லை, எழுதவும் மாட்டேன். இங்கே இருக்கிற அம்மன் பெயர்தான் பேட்டைக்கு. அதே அம்மன் பெயரைத்தான் என் மாமியாரும் தன் பிள்ளைக்கு வைத்தாள். கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும். டிராமில் கண்டக்டர் எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக் கையைக் கூப்பிக் காட்டுவேன். அவனும் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்துவிடுவான்.

அவர் ரங்கூனில் ஒரு மரவாடியில் கணக்குப் பார்க்கிறார். போன மார்கழியில் அங்கே குண்டு விழுந்ததிலிருந்து கடுதாசி இல்லை. கிதர்பூர் விலாசம்தான் அவருக்குத் தெரியும். அதற்கென்ன செய்வது?

வைகாசி 11

சியால்தா மார்க்கெட்டில் கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது. இனிமேல் அங்கேதான் வாங்குவது என்று வைத்திருக்கிறேன். நம் வாசலிலேயே விற்கிறானே அக்கா, அவ்வளவு தூரம் எதற்கு என்று சவுந்தரம் கேட்டான். இங்கே விற்பது முற்றல்.

மார்க்கெட்டுக்கு ஸ்டேஷன் வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது. பர்மாவிலிருந்து மலையும் காடுமாக நடந்து வந்தவர்களை அசாம் ரயில் அங்கேதான் கொண்டுவந்து இறக்குகிறது. நம் ஜனங்களும் இருக்கிறார்கள். காலெல்லாம் புண். ஒருத்தி ஆண்பிள்ளைச் சட்டையை மார்பில் சுற்றியிருந்தாள். தென்னிந்தியர்கள் சேர்ந்து ஒரு கஞ்சித்தொட்டி வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. கரண்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் ஊற்றினேன்.

தொண்டு செய்கிறவர்களில் ஒருவர் மறுபடி அசாமுக்குப் போகிறாராம். வழியில் இருக்கிற முகாம்களில் தேடிப் பார்க்க யாராவது உண்டா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடமும் கேட்டார். பெயர் சொல்ல முடியுமா? உயரமானவர், அருப்புக்கோட்டைக்காரர், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றேன். கண்டால் எங்கே வரச்சொல்வது என்றார். பேட்டைப் பெயரின் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. நல்லவேளை, ஆனை ஞாபகம் வந்தது.

"ஆனை கட்டின மைதானத்துக்கு எதுத்த வீடு. அருப்புக்கோட்டை சீனியம்மா வீடுன்னு சொல்லுங்க, போதும்."

அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வங்காளித் தெருப் பெயர் எந்தத் தமிழன் வாயில் நிற்கும்? ஆனையை யாரும் மறக்க மாட்டார்கள். நான் கெட்டிக்காரிதான்.

வைகாசி 20

கத்தரிக்காய் வாங்கப் போனேன். இன்னும் நாலு பேரிடம் ஆனை விலாசம் சொல்லிவிட்டேன். மெஸ்ஸில் யாருக்கும் சொல்லவில்லை. ரங்கூனில் அவருக்கு ஒரு பர்மாக்காரி இருக்கிறாள் என்று போன வருஷமே ஊரில் பேச்சு. இவள் போய் ஸ்டேஷனில் காத்துக் கிடக்கிறாள் என்று இன்னொரு பேச்சு எதற்கு?

சாயங்காலம் திடீரென்று வடமேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனையைக் கீழே இறக்கினார்கள். மின்னல் பட்டால் பொசுங்கிவிடுமாம். லாரியிலிருக்கிற ராட்டினம் கயிற்றைச் சுற்ற, பத்துப் பன்னிரண்டு சிப்பாய்கள் பக்கக் கயிறுகளைப் பிடித்துத் தொங்கினார்கள். செம்பட்டை மீசைக் கார்ப்பரல் ஒருத்தன் அதன் வயிற்றைத் தட்டித் தட்டி, "மேபல், மேபல்" என்று ஏதோ சமாதானம் சொன்னான். அதற்குப் பெயர் வைத்திருக்கிறான். அவனுக்குக் கூப்பிடத் தடையில்லை.

மழையில் நனைந்து நின்றார்கள். மிளகு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீசைக்காரன் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு இன்னும் கேட்டான்.

ஆனி 3

டிராமில் போகும்போது பார்த்தேன். ஆற்றோரம் ஒன்று, கோட்டைப் பக்கம் இரண்டு, பாலத்துக்கு மேலே சில. ஊர் முழுக்க ஆனை கட்டியிருக்கிறான். எந்த ஆனை என்று அவர் தேடுவார்? பிறகு யோசித்தேன். பர்மாவிலிருந்து நடந்து வரத் தெரிந்த மனுஷனுக்குக் கல்கத்தாவில் வழி கேட்க வாயில்லையா? வங்காளிகளும் அதை ஆனை என்றுதானே சொல்வார்கள். வேறு எப்படிச் சொல்ல முடியும்?

ஆனி 14

கஞ்சித்தொட்டியில் மூக்காயி என்று ஒரு அம்மாள். ராமநாதபுரத்துப் பக்கம். ரங்கூனில் மரவாடிக்கு அடுத்த சந்தில் இட்லிக் கடை வைத்திருந்தவளாம். புருவத் தழும்பு என்றதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாசியில் எல்லாரும் கூட்டமாகக் கிளம்பினபோது அவரையும் கூப்பிட்டார்களாம். வரவில்லையாம்.

"அந்த வீட்டுப் பொம்பளைக்கு மேலுக்கு முடியாம இருந்துச்சு. விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு" என்றாள்.

எந்த வீட்டுப் பொம்பளை என்று நான் கேட்கவில்லை. அவளும் என் கழுத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

இன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். பையன்கள் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஆனி 15

சியால்தாவுக்குப் போகவில்லை. வாசல் கத்தரிக்காயே போதும்.

ஆனி 21

வாசல் கத்தரிக்காய் முற்றல். போனேன்.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. கோயிலுக்குப் பின்னால் கால்வாய் மாதிரி ஓடுவதுதான் ஆதிகங்கை. சேறு. ஆனாலும் கங்கை கங்கைதான். அங்கேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளலாமென்று போனேன். இங்கே இருக்கிற நம் பெண்கள் இரண்டு மூன்று பேர் கூட வந்தார்கள். நான் புதுக் கயிறை எடுத்ததும் ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். இவள் மாற்றலாமா, அல்லது அறுக்க வேண்டியவளா என்பது அந்தப் பார்வை. எனக்குப் புரியாதா? கோபத்தில் முடிச்சை இறுக்கிப் போட்டேன், கழுத்து சிவந்துவிட்டது.

பிறகு படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மாசியில் வந்திருக்க வேண்டியவர் வரவில்லை. இன்னொருத்திக்காக நின்றுவிட்டார். இதற்கு நான் யார்மேல் கோபப்படுவது? அவளுக்கு உடம்பு முடியவில்லை, இவர் விட்டுவிட்டு வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேனா? சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் அப்படி வந்தவரை மதித்திருப்பேனா என்று தெரியவில்லை. கயிறு மாற்றுகிற நாளில் இதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று எழுந்துவிட்டேன்.

காற்று இந்தப் பக்கம் வீசும்போது கால்வாய்க்கு அக்கரையில் சிங்கம் உறுமுவது கேட்கும். அங்கேதான் மிருகக்காட்சிசாலை. திரும்பி வரும்போது சிப்பாய்கள் ஆனையின் கயிற்றுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

ஆவணி 2

தலைவர்களைப் பிடித்துவிட்டார்களென்று ஊரெல்லாம் கலவரம். டிராம் இல்லை.

புரட்டாசி 9

இப்போது அசாம் ரயிலில் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர்கள். கஞ்சித்தொட்டியை எடுத்துவிடப் போகிறார்களாம். மலைப் பாதையில் மழை தொடங்கிய பிறகு யாரும் வர முடியாது, அங்கே இருக்கிறவர்கள் அங்கேதான் என்றார் தொண்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஐப்பசி 1

நேற்று ஊழிக்காற்று. துர்க்கை பூஜைப் பந்தலெல்லாம் பறந்துவிட்டது. எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவர் பாதி விழுந்தது. விடிந்ததும் அடுப்பைக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு ஓடினேன். மைதானம் காலியாக இருந்தது. இறக்கிக் கட்டியிருந்தும் கயிறுகளை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். எங்கோ தெற்கே வயலில் கிழிந்து கிடக்கிறதாம்.

நான் மீசைக்காரனிடம் போய், வேறு ஆனை எப்போது வரும் என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவனுக்கு எப்படிப் புரியும்? கையை விரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சவுந்தரம் ஓடி வந்து, என்னக்கா, ஒரு பலூனுக்குப் போய் அழுகிறீர்கள் என்றான். கண்ணில் தூசி என்றேன். காற்றடித்த மறுநாள், நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஐப்பசி 4

இன்றிலிருந்து வாசலில் ஆனைக் கோலம் போடுகிறேன். மாவில் ஆனை போட எனக்கு வராது, முதல் நாள் எருமையாக முடிந்தது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் லட்சுமி பூஜைக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கார்த்திகை 12

புது ஆனை வந்தது. இது பழையதைவிடக் கொஞ்சம் சப்பை. மீசைக்காரன் இதற்கும் மேபல் என்றே பெயர் வைத்திருக்கிறான். நான் கோலத்தை நிறுத்தவில்லை.

மார்கழி 7

குண்டு விழுந்தே விட்டது. இரண்டு நாளாக இரவில் வருகிறான். நாங்கள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். ஆனை மேலே நின்றது. அவன் உயரத்திலிருந்துதான் போட்டானாம், குறி தப்பித்தான் விழுந்ததாம். குறி தப்பினாலும் ஒருத்தர் தலையில்தானே விழுகிறது. கப்பல்துறைப் பக்கம் சேதம் என்கிறார்கள்.

ஊர் காலியாகிறது. ஹௌரா ஸ்டேஷனுக்குப் போகிற தெருவெல்லாம் மூட்டை முடிச்சு. என் மெஸ்ஸில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். சவுந்தரம் இன்று அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டான். மதராஸ் மெயிலுக்கு டிக்கெட் வாங்கித் தருகிறேன், ஊருக்குப் போங்கள் என்றான். இத்தனை பாத்திரத்தை யார் பார்த்துக்கொள்வது என்றேன்.

"பாத்திரத்துக்காகவாக்கா இருக்கீங்க?" என்றான்.

நான் அடுப்பை ஊதினேன். தெரிந்துதான் கேட்டிருக்கிறான். எத்தனை நாளாகத் தெரியுமோ.

மார்கழி 10

இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் புதிதாக ஒருவர் சாப்பிட வந்தார். பெயர் இருளப்பன். ரங்கூனில் இருந்தவர், அசாமில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் இறங்கியிருக்கிறார். தமிழ்ச் சோறு எங்கே என்று விசாரித்து வந்தாராம். சவுந்தரம் எதிரில் உட்கார்ந்து அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ரசம் ஊற்ற வந்தேன். அவர் ஒரு வேடிக்கைக் கதை சொல்லத் தொடங்கினார்.

"அடுத்த கட்டில்ல ஒரு அருப்புக்கோட்டைக்காரரு. காய்ச்சலுக்குக் கொய்னா தின்னு தின்னு காது மந்தமாயிருச்சு மனுசனுக்கு. கல்கத்தாவுல ஆனை எங்க கட்டியிருக்காங்கன்னு போற வாறவுகளை எல்லாம் கேப்பாரு. கல்கத்தாவுல ஆனை வேற எங்க இருக்கும், மிருகக்காட்சிசாலையிலதான்னு நாந்தான் வழி சொல்லிவிட்டேன். கார்த்திகையிலயே கிளம்பிட்டாரு."

சவுந்தரம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. இருளப்பன் அந்த ஆளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம், புருவத்தில் தழும்பு உண்டா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். இடது புருவம் என்றார்.

வழியெல்லாம் வாய் மாறி வாய் மாறி வந்ததில் மைதானம் தொலைந்துவிட்டது. ஆனை போய்ச் சேர்ந்திருக்கிறது. அசாம் காட்டில் இருக்கிறவருக்குப் பலூனை யார் கண்டார்? ஆனை என்றால் ஆனைதான். நான் கெட்டிக்காரி என்று வைகாசியில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பேட்டைப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சவுந்தரத்தைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அதற்கும் வெட்கம் விடவில்லை. அவர் ஆயுசு குறையக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் கால்வாய்க்கு அக்கரையில், சிங்கம் உறுமுகிற சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு மாசமாக.

இருக்கிறாரோ, ஊருக்கே போய்விட்டாரோ. சாயங்காலத்தில் அங்கே கதவைப் பூட்டிவிடுவார்களாம். காலையில்தான் போக வேண்டும்.

மார்கழி 11

கிடைத்துவிட்டார்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். கதவு திறக்கும்போதே போய் நின்றேன். குண்டுக்குப் பயந்து கூட்டமே இல்லை. ஆனைக் கொட்டடியில் காவல்காரன் தழை போட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த கடைத்தெரு வங்காளியில் கேட்டேன். அந்த மதராஸியா, தினமும் வருவான், அந்த பெஞ்சில் உட்காருவான், கொஞ்சம் கிறுக்கு என்றான். வந்த முதல் நாளே, ஆனைக்கு எதிர் வீடு எது என்று கேட்டானாம். காவல்காரன் கை நீட்டிக் காட்டினான். எதிரே இருந்தது குரங்குக் கூண்டு.

சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் எப்படிச் சிரித்தேனோ தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனியம்மாள் வீடு என்று இதைக் காட்டியதும் அவர் முகம் எப்படி இருந்திருக்கும்?

வெயில் ஏறினது. வரவில்லை. அப்போது பார்த்து அபாயச் சங்கு ஊதினான். பகல் சங்கு. காவல்காரன் பதுங்கு குழிக்கு ஓடிக்கொண்டே என்னையும் வா என்று கையைக் காட்டினான். நான் எழுந்தபோது ஏரிக்கரைப் பாதையில் வந்துகொண்டிருந்த ஒருவர், ஆட்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். தாடி. தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. நடை மட்டும் அதே நடை, இடது காலைக் கொஞ்சம் வீசிப் போடுகிற நடை.

"ஏங்க" என்றேன். இருபது வருஷமாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். போய்க்கொண்டே இருந்தார். "இந்தாங்க, உங்களைத்தான்" என்று கத்தினேன். சங்கு அலறிக்கொண்டிருந்தது. காது வேறு மந்தம். வாசலுக்கும் அவருக்கும் அதிக தூரமில்லை. வெளியே போய்விட்டால் இத்தனை பெரிய ஊரில் மறுபடி எங்கே தேடுவேன்?

அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"காளியப்பா!"

நின்றார். அப்படியே திரும்பினார். அவர் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செத்த பிள்ளை எழுந்து வந்தால் தாய் பார்ப்பாளே, அப்படி. எனக்காகவா இவ்வளவு என்று நினைத்தேன். பிறகு என்னைக் கண்டுகொண்டார். "சீனி" என்றார். முகம் மாறிவிட்டது, வேறு விதமாக அழத் தொடங்கினார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்; பதுங்கு குழியில் ஆனைக் காவல்காரனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாக்குத்தான்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியில் மேலே கையைக் காட்டினேன், இதுதான் ஆனை என்று. ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

மார்கழி 13

கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு. இன்று ரசம். தாடி எடுத்தாயிற்று. சவுந்தரம் அவரோடு கத்திக் கத்திப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு தேறட்டும்.

மார்கழி 22

அவராகச் சொன்னார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நடக்க முடியாமல் இருந்ததாம். கொஞ்சம் தேறியதும் கூட்டிக்கொண்டு கிளம்பினாராம். மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஆற்றங்கரையில் காய்ச்சல் கண்டு இரண்டு பேரும் படுத்தார்கள், ஒருத்தர் எழுந்தார்.

நான் கீரையை ஆய்ந்து முடித்தேன். பிறகு கேட்டேன். அன்றைக்கு நான் கூப்பிட்டபோது முகம் ஏன் அப்படி இருந்தது? கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

"பொய் சொல்ல மாட்டேன், சீனி. என்னைப் பேர் சொல்லிக் கூப்புட உலகத்துல அவ ஒருத்திதான் இருந்தா. நீ கூப்புடுவேன்னு நான் கனவுலயும் நெனச்சதில்ல. செத்தவ வந்துட்டான்னு திரும்பினேன்."

கீரைத் தண்டுகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். அழுதேன், கோபத்திலும்தான். என் தொண்டை கிழிந்த கூப்பாட்டுக்கு அவர் வேறு ஒருத்திக்காகத் திரும்பியிருக்கிறார்.

தை 5

இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுகிறேன். அவர் மைதானத்தில் போய் உட்கார்ந்து ஆனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மீசைக்காரன் அவருக்குச் சிகரெட் கொடுக்கிறான். ஒருத்தன் பாஷை ஒருத்தனுக்குத் தெரியாது, இவருக்குக் காதும் கேட்காது. நன்றாகத்தான் பொழுது போகிறது இரண்டு பேருக்கும்.

இன்று சவுந்தரம் கேட்டான், அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டும் அண்ணன் திரும்பாமலே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. யோசித்துப் பார்த்தேன். யாருக்காகத் திரும்பினால் என்ன? நின்றார் அல்லவா? அந்த ஒரு விநாடி நின்றதால்தான் எனக்குக் கிடைத்தார். நிறுத்தியது என் குரல் அல்ல, அவள் பழக்கி வைத்த பழக்கம். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

காளிகாட்
தை 22

அமாவாசை. மேலே பேட்டைப் பெயர் எழுதியிருக்கிறேன். கை கூசத்தான் செய்தது. எழுதி முடித்து மூன்று தடவை வாய்விட்டுச் சொன்னேன். டிராம் கண்டக்டர்தான் ஏமாந்து போவான். அசாமிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள், அவர்களுக்கும் இப்போது இந்தப் பெயரைத்தான் சொல்கிறேன்.

செத்தவர்களுக்கு இலை போடுகிற நாள். என் மாமனார் மாமியாருக்குப் போட்டேன். பக்கத்தில் இன்னொரு இலையும் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இலைக்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவார்கள் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது.

"அவ பேரு என்ன?" என்று அவர் காதருகே போய்க் கேட்டேன்.

இலையைப் பார்த்தார். பிறகு, "மா தின்" என்றார்.

"உங்கள எப்படிக் கூப்புடுவா?"

"கோ காளி."

கோ என்றால் அந்த ஊரில் மரியாதையாம். நல்ல பெண்தான். மரியாதையும் கொடுத்தாள், பெயரையும் சொன்னாள். நம் பக்கத்தில் இரண்டும் சேர்த்துக் கொடுக்க நமக்குத் தெரியவில்லை. சோறும் கீரையும் பருப்பும் வைத்து, மா தின், வா என்று கூப்பிட்டேன். மாடியில் வைத்த பிடிச் சோற்றைக் காக்கை எடுத்தது.

இறங்கி வந்தபோது அவர் வீட்டில் இல்லை. மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்று மேகம் இல்லை, ஆனை உயரத்தில் வெயில் பட்டு நின்றது. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும்.

அவரும் திரும்பினார். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார்.